தாழ்ந்த வாசல்

கூட்டிப் பெருக்கிய இடத்தில் மறுபடியும் உமி கிடந்தது.

காலையில்தான் ஐவி அந்தத் தரையைப் பெருக்கி, ஈரத்துணி போட்டுத் துடைத்து, காய்ந்தபின் ஒரு தரம் குனிந்தும் பார்த்திருந்தாள். சாயங்காலம் தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போனபோது செருப்புக்கடியில் நறநறவென்றது. விரலால் ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பொன்னிறமாக, காய்ந்து, ஊதினால் பறந்துவிடும் போல இருந்தது. கோதுமை உமி. மேற்குப் பக்கத்துக் கண்ணாடிச் சுவரிலிருந்து கிளைவின் கட்டில்வரை, கற்பாளம் பதித்த தரையின் நடுவே அகலமான ஒரு பட்டையாகச் சிதறியிருந்தது.

காற்று கொண்டுவந்து போட்டது என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. இந்த வீட்டில் காற்று நுழைய இடமே கிடையாது. கிளைவ் அப்படிக் கட்டியிருந்தான். காற்று என்றால் அவனுக்கு அவ்வளவு ஆகாது. யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும், உட்கார்ந்த இடம் சூடாகுமுன் கழுத்தைத் தடவிக்கொண்டு, "எங்கேயோ காத்து வருது" என்பான். சாவித் துவாரத்துக்குக்கூடத் தோலில் மூடி தைத்துப் போட்ட மனிதன். அதையும் விடுங்கள், கோதுமைக்கு எங்கே போவது? சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் ஆப்பிள் தோப்பும் ஆட்டு மேய்ச்சலும்தான். இந்த மேட்டில் கோதுமை விதைத்துத் தன் அப்பாகூடப் பார்த்ததில்லை என்று பக்கத்துப் பண்ணை மேவிஸ் சொல்லியிருக்கிறாள்.

ஐவி துடைப்பத்தை எடுக்கத் திரும்பினாள். கட்டிலிலிருந்து கிளைவ், "காத்து" என்றான்.

வசந்தம் பிறக்கும் சமயம் அவனுக்கு வாதம் அடித்தது. இடப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நாள் முழுக்கத் தொணதொணத்துக்கொண்டிருந்த மனிதனிடம் மிஞ்சியது அந்த ஒரே சொல். பசித்தாலும் காத்து, வலித்தாலும் காத்து, ஐவி நெற்றியில் முத்தமிட்டாலும் காத்து. எந்தக் காத்துக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு அத்துப்படி. ஆனால் இது எந்தக் கணக்கிலும் சேராத காத்து. அவன் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. அவன் கண்கள் கண்ணாடிச் சுவரில் நிலைத்திருந்தன. பிறகு மெல்ல, மிக மெல்ல, எதையோ பின்தொடர்வதுபோல் அறையின் நடுவே நகர்ந்து வந்து, தன் கட்டிலின் கால்மாட்டில் நின்றன. அங்கிருந்து மேலே போயின. கூரையை நோக்கி, உயரமான ஏதோ ஒன்றின் உச்சியைப் பார்ப்பதுபோல.

கால்மாட்டில் ஒன்றுமில்லை. வாசனை மட்டும் இருந்தது. வெயிலில் காய்ந்த கதிர், வியர்த்த தோல், இரும்பு. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

இது கென்வார்ட் மாளிகையின் களஞ்சியம். மாளிகை இப்போது இல்லை. கூரை ஒழுகி, வாரிசு இல்லாமல், ஐவி பிறப்பதற்கும் முன்பே அதை இடித்துக் கல் கல்லாகப் பெயர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கும் இட்டுச் செல்லாத நாலு படிக்கட்டு புல்லுக்குள் நிற்கிறது, ஒரு கிழட்டுத் தேவதாரு மரம் நிற்கிறது, இந்தக் களஞ்சியம் நிற்கிறது. கிளைவ் இதைப் பார்த்த அன்றே மயங்கிவிட்டான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வாங்கி, தன் கையாலேயே வீடாக்கினான். வருகிறவர்களையெல்லாம் நடுத் தரையில் நிறுத்தி, கையை ஆட்டி ஆட்டி ஒரே பாடத்தை ஒப்பிப்பான்.

"பாருங்க, இதுதான் போரடிச்ச களம். மேற்கால உசர வாசல், கிழக்கால தாழ்ந்த வாசல். கதிர்க்கட்டை மலையாட்டம் அடுக்கிக்கிட்டு வண்டி இப்படி உள்ள வரும். ரெண்டு பக்கமும் இறக்கிக் கூரை வரைக்கும் அடுக்குவாங்க. காலி வண்டி அப்படியே நேரா அந்தப் பக்கம் போயிடும். திரும்பவே வேணாம். காலி வண்டிக்கு எதுக்கு உசரம்? அதான் அது குட்டை. மூளையைப் பாத்தீங்களா!"

கட்டியவன் மூளையைப் புகழ்ந்த கையோடு உசர வாசலுக்குக் கண்ணாடி வைத்தான். கதிர் அடுக்கிய இரண்டு பக்கமும் படுக்கைக்கு மாடம் எழுப்பினான். தாழ்ந்த வாசலை அடைத்தான். பழைய கட்டடம் என்பதால் வெளித்தோற்றத்தைத் தொடக்கூடாது என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். அதனால் வெளியே பழைய கருவாலி மரக் கதவுகள் அப்படியே இருக்க, உட்பக்கம் கம்பளியைத் திணித்து, பலகை அடித்து, வெள்ளை பூசி, போன குளிர்காலத்தில் வேலையை முடித்தான். "இனிமே ஒரு பொட்டுக் காத்து வராது, ஐவி" என்று சுவரைத் தட்டிக் காட்டியபோது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவள் மறக்கவே மாட்டாள். அடுப்புக்குப் பக்கத்தில், வீட்டிலேயே கதகதப்பான மூலை அது. நோயாளிக் கட்டிலை அங்கேதான் போட்டிருந்தாள், தலைப்பக்கம் அந்தச் சுவரை ஒட்டி.

ராத்திரி மகள் ஹேரியட் தொலைபேசியில் வந்தாள்.

"அம்மா, குரலே சரியில்லயே. தூங்குறியா இல்லியா?"

"தூங்காம என்ன? நல்லா குறட்டை விட்டுத் தூங்குறேன்."

"பொய் சொல்லாத. அப்பாவை அந்த முதியோர் இல்லத்துல சேத்துடலாம்மா. நல்லா பாத்துக்கறாங்க. நீயும் மனுஷிதானே?"

"அவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன் ஹேரியட். இந்த வீட்டை விட்டு அவரை அனுப்ப மாட்டேன்னு."

"உனக்கே ஏதாவது ஆச்சுன்னா?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது, நீ போனை வை."

உமியைப் பற்றி ஐவி மூச்சுவிடவில்லை. எப்படிச் சொல்வாள்? காலையில் கிளைவைக் குளிப்பாட்ட வரும் பெண்ணிடமும் சொல்லவில்லை. கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஒரு வாய் சொன்னால் போதும், மறுநாளே கிளைவை வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அங்கே அவனுடைய காத்துகளுக்கு யார் அர்த்தம் கண்டுபிடிப்பது? அந்தப் பயம்தான் அவளுக்குப் பெரிசாக இருந்தது. மற்றப் பயத்தை அதன் பின்னால் ஒளித்துவைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் சத்தமும் வந்தது.

சூரியன் தோப்புக்குப் பின்னால் இறங்கி, கண்ணாடிச் சுவர் முழுக்கச் செம்மண் நிறத்தில் எரிந்துகொண்டிருந்த நேரம். அவள் கிளைவுக்கு உருளைக்கிழங்கை மசித்து ஊட்டிக்கொண்டிருந்தாள். முதலில் எங்கோ தூரத்தில், பிறகு முற்றத்தில், பிறகு எந்தக் கதவும் திறக்காமலே அறைக்குள், கல்லின்மேல் இரும்புப் பட்டை அரைபடும் சத்தம், மிகப் பெரிய பாரத்தைத் தாங்கிய அச்சு முனகும் சத்தம், தோல் வாரும் சங்கிலியும் இழுபடும் சத்தம், எல்லாம் ஒன்றாக, அவசரமே இல்லாமல் அவள் முதுகுக்குப் பின்னால் வந்தன. வந்து, நின்றன.

அவள் திரும்பவில்லை. கரண்டி கையில் அப்படியே நின்றது.

மூச்சு. மனித மூச்சு இல்லை. பெரிய மார்பிலிருந்து, ஈரமும் புல்லும் சூடும் கலந்து வந்த மூச்சு. அவள் தோளைத் தாண்டிப் போய் கிளைவின் நெற்றியில் இருந்த நாலு நரைமுடியைத் தூக்கியது. விட்டது. மறுபடி தூக்கியது. கிளைவ் பயப்படவில்லை. முகத்தின் ஒரு பக்கத்தால், அந்த ஒரு பக்கத்தால் மட்டும், சிரித்தான். கண்கள் மூச்சுக்கு மேலே, உயரே பார்த்துக்கொண்டிருந்தன.

மேலே யாரோ பாடுவதை நிறுத்தியதுபோல் இருந்தது. பாட்டை அவள் கேட்கவில்லை. அது நின்றதைத்தான் கேட்டாள்.

இருட்டி விளக்கைப் போட்டபோது அறை காலி. கண்ணாடியில் மட்டும் மூச்சு பட்ட ஈரம், உள்பக்கம், அவள் தலைக்கு மேலே.

அடுத்த நாள் மத்தியானம் மேவிஸ் ஒரு கூடை ப்ளம் பழத்தோடு கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். ஐவியின் வயதுதான், ஆனால் இரண்டு ஆட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கக்கூடியவள்.

"என்னடி ஐவி, மூஞ்சி சுண்ணாம்பு அடிச்சாப்ல இருக்கு? ராத்திரி பூரா டான்ஸ் ஆடப் போனியா?"

"இந்த வயசுல என்னை எவன் கூப்பிடுறான்?"

"எங்க வீட்டுக் கடா சும்மாதான் நிக்குது. கேட்டுச் சொல்லட்டா?" கட்டிலைப் பார்த்துக் கண்ணடித்தாள். "கிளைவ், உன் பொண்டாட்டிக்கு மாப்பிள்ளை பாத்துட்டேன். சம்மதமா?"

"காத்து" என்றான் கிளைவ்.

"பாரு, ஒத்துக்கிட்டான்."

ஐவிக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை நாளாயிற்று! சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறி, அவள் முகத்தை ஏப்ரனில் புதைத்துக்கொண்டாள். மேவிஸ் அவள் முதுகைத் தடவினாள். அப்போதுதான் மூலையில் உமியை அள்ளி வைத்திருந்த முறத்தில் அவள் பார்வை விழுந்தது. போய்க் குனிந்து, ஒரு சிட்டிகை எடுத்து, முகர்ந்தாள். அவளுடைய பெரிய, சிவந்த முகத்திலிருந்து விளையாட்டு வடிந்துவிட்டது.

"இது எப்பலேருந்து?"

"மாசம் பொறந்ததுலேருந்து."

மேவிஸ் கிளைவின் தலைமாட்டுச் சுவரைப் பார்த்தாள். "கீழ்வாசலை அடைச்சுட்டானா? அய்யோ, நான் வெளிய கதவு இருக்கறதப் பாத்துட்டு, அப்படியேதான் விட்டிருக்கான்னு நெனச்சேன்."

"என்ன சமாச்சாரம், மேவிஸ்? மறைக்காம சொல்லு."

"சொன்னா சிரிப்ப."

"நான் சிரிக்கிற நிலைமையிலயா இருக்கேன்?"

மேவிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எங்க அப்பா இந்த மாளிகையோட கடைசி வண்டிக்காரர். செப்டம்பர் பொறந்தா இந்தக் களஞ்சியத்தோட ரெண்டு வாசலையும் அகலத் தொறந்து வச்சிடுவார். மாசக் கடைசியில மிக்கேல் திருநாள் தாண்டித்தான் சாத்துவார். மாளிகையை இடிச்ச பொறவும். அவருக்கப்புறம் நான். போன வருஷம் நீங்க வேலை பண்ணிட்டிருந்தீங்க, ரெண்டு பக்கமும் பப்பரப்பான்னு தொறந்து கெடந்துச்சு, அதான் நான் வாயைத் தொறக்கல."

"எதுக்குத் தொறக்கணும்?"

"கடைசி வண்டி வரும்னு. அறுப்பு முடிஞ்சு வர்ற கடைசி வண்டி. பாரத்து மேல ஆளுங்க ஏறி உக்காந்து பாடிக்கிட்டு வருவாங்க இல்ல, அது."

"இங்க அறுப்பே இல்லியே."

"அதத்தான்டி நானும் அப்பாகிட்ட கேட்டேன். ஒரு அறை விட்டார். அப்புறம் கேக்கல."

"உள்ள வந்து என்ன பண்ணும்?"

"யாரு நின்னு பாத்தா? தொறந்து விட்டுட்டு வீட்டுக்கு ஓடிப்போய் சூப்பைக் குடிச்சிட்டுப் படுப்போம். அந்த மாசம் பொழுது சாஞ்சா ஈ காக்கா இந்தப் பக்கம் வராது." மேவிஸ் சுவரை மறுபடி பார்த்தாள். "வண்டி வரும், போகும், அவ்வளவுதான் தெரியும். இப்ப போக வழியில்ல. அதான் நிக்குது போல."

ஐவிக்குப் பயமாக இருந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. தனக்குப் பைத்தியமில்லை. யாரோ ஒருத்திக்கு இது தெரிந்திருக்கிறது. அந்த நிம்மதியில் அவள் மேவிஸின் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு எனக்குச் சந்தை, கடாக்களை ஏத்தணும்" என்றாள் மேவிஸ். "நாளைக்குக் காலையில பையனோட வேன்ல வந்து கிளைவை எங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறோம். திருநாள் முடியற வரைக்கும் ரெண்டு பேரும் அங்கதான். உங்களை வெளிய கொண்டுபோயிட்டு, அப்புறம் அந்தப் பலகையைப் பிரிப்போம். இன்னைக்கு ஒரு சாயங்காலம்தானே? ரேடியோவைச் சத்தமா வச்சுக்க. ஒண்ணையும் தொடாத."

சரி என்றுதான் ஐவி சொன்னாள்.

ஆனால் கட்டிலையாவது அந்தத் தடத்திலிருந்து நகர்த்தி வைக்கலாமே என்று தோன்றியது. மேவிஸின் வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் சக்கரப் பூட்டுகளை விடுவித்துத் தள்ளினாள். கட்டில் அசையவில்லை. மண்டியிட்டுப் பார்த்தாள். அடுப்புப் பக்கத்துச் சக்கரத்தில், அச்சு தெரியாமல், முறுக்கிய வைக்கோல் பிரி சுற்றியிருந்தது. கதிர்க்கட்டை இடுப்பில் கட்டுவார்களே, அந்தப் பிரி. தானாகச் சிக்கியது இல்லை. யாரோ நிதானமாகச் சுற்றி, நுனியைச் செருகி, முடிச்சிட்டிருந்தார்கள். சமையல் கத்தியால் அறுத்தாள். இரும்பை அறுப்பதுபோல் இருந்தது. கத்தரிக்கோல் வளைந்தது. கிளைவின் கருவிப் பெட்டியிலிருந்து கடப்பாரையும் சுத்தியலும் கொண்டுவந்து நெம்பினாள். விரல்கள் கீறி ரத்தம் வந்ததுதான் மிச்சம். அவள் நிமிர்ந்தபோது கண்ணாடிச் சுவர் சிவக்கத் தொடங்கியிருந்தது.

ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா? என்ன சொல்லிக் கூப்பிடுவது? வண்டி வருகிறது என்றா? தொலைபேசியைக் கையில் எடுத்து, ஹேரியட்டின் பெயரைப் பார்த்து, மறுபடி வைத்தாள்.

ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். யாரோ ரோஜாச் செடிக்கு எரு போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நல்ல குரல். நம் வீட்டு ஆள் மாதிரி குரல். அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து கிளைவின் வலக்கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லப்பா. நாளைக்கு மேவிஸ் வீட்டுக்குப் போறோம். அவ வீட்ல எல்லாச் சன்னலும் ஓட்டை. நீ திட்டிக்கிட்டே இருக்கலாம்."

"காத்து" என்றான் கிளைவ், மிக மெதுவாக. அவன் கண்கள் அவளைப் பார்க்கவில்லை.

ரோஜாக்காரரின் குரல் தேய்ந்தது. ரேடியோவின் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. குரலுக்கு மேல் சக்கரச் சத்தம் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இந்தத் தடவை அது நிற்கவில்லை.

கட்டிலின் கால்மாட்டுக் கம்பி கிறீச்சிட்டது. போர்வை கிளைவின் பாதங்களின்மேல் தட்டையாக அழுந்தியது. கட்டில் நகர்ந்தது. அவள் அத்தனை பலத்தோடு தள்ளியும் அசையாத கட்டில், பிரி சுற்றிய சக்கரம் கல்லைக் கீற, பின்னோக்கி நகர்ந்து தலைமாட்டுச் சுவரில் மோதியது. வெள்ளைப் பூச்சு விரிசல் விட்டது. குதிரை மூச்சு, ஒன்றல்ல, இரண்டு, அவள் இரண்டு பக்கமும். குளம்பு கல்லில் வழுக்கி ஊன்றும் ஓசை. மறுபடி ஓர் உந்தல். கம்பி வளைந்தது. கிளைவின் தலை தலையணையோடு மேலேறி, சுவரில் அழுந்தி, தாடை நெஞ்சில் பதிந்தது. அவன் முனகினான்.

"நிறுத்துங்க! மனுஷன் இருக்கான் இங்க!"

யாரும் நிறுத்தவில்லை.

ஒன்றையும் தொடாதே என்று மேவிஸ் சொன்னது நினைவிருந்தது. ஆனால் மேவிஸ் இங்கே இல்லை. கிளைவ் இருந்தான். அவன் கழுத்து மடிந்துகொண்டிருந்தது. ஐவி சுத்தியலை எடுத்தாள்.

முதல் அடியில் பூச்சு உதிர்ந்தது. இரண்டாவதில் பலகை உடைந்தது. கடப்பாரையை நுழைத்து இழுத்தாள். ஆணிகள் பிடுங்கிக்கொண்டு வந்தன. கிளைவ் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து அடித்த ஆணிகள். கம்பளியை வாரி வாரிப் பின்னால் எறிந்தாள். பழைய கருவாலி. கறுப்பு. குளிர்ச்சி. தடவினாள். குறுக்குக் கட்டை. தூக்கினாள். வரவில்லை. தோளைக் கொடுத்தாள். பின்னால் கட்டில் முறிகிற சத்தம். "வா, சனியனே, வா!" கட்டை எழும்பியது.

மிச்சப் பலகையையும் பிய்த்துக்கொண்டு கதவு இரண்டும் வெளிப்பக்கம் அறைந்து திறந்தன.

காற்று. இந்த வீட்டில் முதன்முதலாகக் காற்று. கண்ணாடிப் பக்கமிருந்து கிழக்கே, களத்தின் நீளத்துக்கும் பாய்ந்தது. கட்டில் பிரி சுற்றிய சக்கரத்தை ஊன்றிச் சுழன்று, வழியை விட்டு, அடுப்போரம் போய் மோதி நின்றது. ஐவி கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டாள். சூடான பெரிய உடம்புகள் அவளை உரசாமல் உரசிக் கடந்தன. ஒரு சக்கரம் அவள் செருப்பு நுனிக்கு அருகே கல்லில் உருண்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வாயில் உமி. மூக்கில் உமி.

பிறகு சத்தம் வெளியே போய்விட்டது. ஈரப் புல்லில், மாளிகை இருந்த திசையில், கடகடவென்று துள்ளிக்கொண்டு போனது. அச்சின் முனகல் இல்லை. பலகைகள் ஆடின, சங்கிலி குலுங்கியது. எவ்வளவு லேசாகப் போகிறது!

போய்விட்டது.

அவள் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள். வியர்வையும் சுண்ணாம்புமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போயிடுச்சு கிளைவ், போயிடுச்சுப்பா" என்றாள். ரேடியோக்காரர் திரும்பி வந்திருந்தார். எருவை வேரில் படாமல் போட வேண்டுமாம். அவளுக்கு அந்த முகம் தெரியாத மனிதர்மேல் அன்பு பெருகியது. தட்டுத்தடுமாறி எழுந்து நிலையின் மேற்கட்டையைப் பிடித்தாள்.

மேற்கட்டை. அவள் கைக்கு எட்டியது.

கை அதிலேயே நின்றுவிட்டது. காலி வண்டிக்கு எதுக்கு உசரம்? கிளைவ் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான். நிறைஞ்ச வண்டி இந்த வழியா போகவே முடியாது.

உள்ளே வந்தபோது அச்சு முனகியது. போகும்போது துள்ளிக்கொண்டு போனது.

மேலேயிருந்து ஏதோ அவள் தலைமுடியில் விழுந்தது. எடையே இல்லாமல். பிறகு தோளில். பிறகு தரையெங்கும், மெல்ல, நிற்காமல்.

"கிளைவ்?"

அடுப்போரம் கட்டில் கிடந்தது. போர்வை ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. தலையணையில் பள்ளம் இருந்தது.

அவள் பார்க்க விரும்பவில்லை. ஆனால் பார்த்தாள். இருபக்க மாடங்களையும் பார்த்தாள், தெற்கே விருந்தாளிகளுக்கு, வடக்கே அவளுடைய படுக்கை. படுக்கைகள் தெரியவில்லை. மாடத்தின் விளிம்பிலிருந்து கூரையின் உச்சிவரை, வரிசைமேல் வரிசையாக, நெருக்கமாக அடுக்கியிருந்தார்கள். கதிர்க்கட்டுகள். இடுப்பில் பிரி கட்டி, தலை கவிழ்ந்து, நின்ற வாக்கில். கண்ணாடி வழியாக வந்த கடைசிச் சிவப்பு அவற்றின்மேல் கிடந்தது. கதிர்க்கட்டுக்கு எதற்குக் கைகள்?

ஒன்றும் அசையவில்லை. வடக்கு மாடத்தின் முன் வரிசையில் ஒன்று மட்டும் தலை நிமிர்ந்திருந்தது. ஆறு மாதமாக நிற்காத கால்களில் நேராக நின்றது. பிரி அதன் இடுப்பைச் சுற்றி இறுக்கி, நுனியைச் செருகி, முடிச்சிட்டிருந்தது. முகத்தின் இரண்டு பக்கமும் சிரித்தது.

"கதவைச் சாத்து, ஐவி" என்றான் கிளைவ். பழைய குரல். தெளிவான குரல். "எல்லாரும் வந்தாச்சு. காத்து வருது பாரு."

அவள் முதுகுக்குப் பின்னால் தாழ்ந்த வாசலின் கதவுகள், ஒன்றன்பின் ஒன்றாக, மெதுவாகச் சாத்திக்கொண்டன.

வெளிச்சம் மேல் வரிசையிலிருந்து கீழே இறங்கி, ஒவ்வொரு தலையாக அணைந்தது. அது அணைவதற்கு முன் அவள் ஒன்றைப் பார்த்தாள். கிளைவின் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்தில், புதிதாக முறுக்கிய பிரி ஒன்று, அவிழ்த்து, தயாராகப் போட்டிருந்தது.